ஒரே கிட்டார், ஒரே குரல்: ஒரு மணி நேரத்திற்கு எந்தப் பாடல்களை எடுப்பது?

மலைக்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் மூன்று ஆண்டுகள் கிட்டார் வாசித்தேன். அதற்குப் பிறகு வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி எங்கும் வாசித்ததில்லை. இப்போது நண்பர் ஒருவர், தம்முடைய புத்தகக் கடையின் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் தனியாகப் பாடி வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஐம்பது, அறுபது பேர் நாற்காலி போட்டு உட்காரக்கூடிய இடம். கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் வருவார்கள். கீபோர்டு, தபலா எதுவும் கிடையாது. கைப்பேசியில் டிராக்கை ஓடவிட்டு அதன்மேல் பாடுவதில் எனக்கு விருப்பமில்லை.

பிடித்த பாடல்களை எல்லாம் எழுதிப் பார்த்ததில் இருபத்தாறு வந்துவிட்டன. ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. குழுவில் இருந்த நாட்களில் இடையிசை முழுவதையும் கீபோர்டுக்காரர் பார்த்துக்கொள்வார்; சொன்ன இடத்தில் சொன்ன கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை, பிடித்தால் என் வேலை முடிந்தது. தனியாக வாசிக்கும்போது, பல்லவி முடிந்து இடையிசை வரவேண்டிய இடத்தில், பேருந்தைத் தவறவிட்டவன் நிறுத்தத்தில் நிற்பதைப்போல அதே நான்கு கார்டுகளைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். "ராக்கம்மா கையத் தட்டு" பாடலை நண்பர்கள் அனைவரும் கேட்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதே சமயம் "என் இனிய பொன் நிலாவே" எவ்விதக் குறையும் இல்லாமல் நிற்கிறது. ஒரு பாடல் தனியாக நிற்பதற்கும் இன்னொன்று சரிந்து விழுவதற்கும் என்ன காரணம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போனபோது ஒன்றரைக் கட்டைச் சுருதி என்றார்கள். எஸ்.பி.பி. பாடல்களில் பல்லவி சுகமாக வந்துவிடுகிறது, சரணத்தில் தொண்டை இழுக்கிறது. பட்டியலில் "மலரே மௌனமா" போன்ற இருவர் பாடும் பாடல்களும் சில இருக்கின்றன. அவற்றை ஒருவரே பாடுவது சரியாக வருமா என்றும் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர்கள் தாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய தந்தி:

வணக்கம் தம்பி. மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிட்டார் வாசித்துவிட்டு, இப்போது வாரத்தில் ஒருநாள் ஒரு விடுதியில் தனியாகப் பாடி வாசிக்கிறேன். குழுவிலிருந்து தனியாக வந்தபோது உங்களுக்கு வந்த அதே குழப்பம் எனக்கும் வந்தது.

பாடலைச் சோதிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு, சமையலறையில் நின்று, கையைக்கூடத் தட்டாமல், வெறும் குரலில் பல்லவியையும் ஒரு சரணத்தையும் பாடிப் பாருங்கள். பாடுகிறபோது உங்கள் மனத்திற்குள் வயலின்களும் டிரம்ஸும் தாமாக ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பாடல் அவற்றின் தோளில் ஏறி நிற்கிறது என்று பொருள். கேட்பவருக்கு அந்த வயலின் ஓடாது; அவருக்கு உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும். "ராக்கம்மா" சரிந்து விழுவது இதனால்தான். 1991-இல் வெளியான அந்தப் பாடலில் தாளமும் வயலின் கூட்டமும்தான் மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. குறை பாடலிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. அது கூட்டத்தோடு வரவேண்டிய பாட்டு. "மூடுபனி" படத்தின் "என் இனிய பொன் நிலாவே" அப்படியன்று. கதையிலேயே ஒருவன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்திக்காகப் பாடுகிற பாட்டு அது. ஜேசுதாஸின் குரலும் கிட்டாரின் தாளமும் அதற்கு எலும்பு, மற்றவை எல்லாம் அலங்காரம். அலங்காரத்தைக் கழற்றினாலும் அது எழுந்து நிற்கும்.

இடையிசையை அப்படியே வாசிக்க முயலாதீர்கள். நான் முதல் இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு இடையிசையையும் தந்தி தந்தியாகப் படியெடுத்து வாசித்தேன். ஒருவரும் பாராட்டவில்லை, மாறாக அந்த இடத்தில்தான் எழுந்து தேநீர் வாங்கப் போனார்கள். இப்போது பல்லவியின் கார்டுகளை இரண்டு சுற்று, மிஞ்சினால் நான்கு சுற்று வாசித்துவிட்டு நேராகச் சரணத்திற்குள் போய்விடுகிறேன். ஆனால் ஒரு விலக்கு உண்டு. சில பாடல்களுக்கு முன்னிசைதான் முகம். "இளைய நிலா"வின் கிட்டார் முன்னிசையை வாசிக்காமல் பாட ஆரம்பித்தால், தாலி கட்டாமல் பந்தி போட்டது மாதிரி ஆகிவிடும். அதை மட்டும் எவ்வளவு நாள் ஆனாலும் உட்கார்ந்து பழகுங்கள்.

இதில் யாரும் சொல்லித் தராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒலிநாடாவில் நாலரை, ஐந்து நிமிடம் ஓடும் பாடல், இடையிசையைக் கழித்துவிட்டால் மூன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு பாடல் ஒரு மணி நேரத்திற்குப் போதும் என்று நினைத்துப் போனால் நாற்பதாவது நிமிடத்தில் கைவசம் எதுவும் இருக்காது. எனக்கு இது நடந்திருக்கிறது. முதலில் பாடிய பாடலையே மறுபடி பாடிவிட்டு இறங்கினேன். பேச்சையும் சுருதி சேர்ப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பதினான்கு பாடலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கட்டை விவகாரம். ஒன்றரைக் கட்டை என்பது பாட்டு வகுப்பில் உங்கள் ஸட்ஜம், அதாவது அடிப்படை ஸ்வரமான ஸ, எங்கே உட்காருகிறது என்பதற்கான கணக்கு. திரைப்பாடலுக்கு அது அப்படியே பொருந்தாது. ஒரு மெட்டு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேல் காந்தாரத்தோடு நின்றுவிடும்; இன்னொன்று ஸட்ஜத்தில் தொடங்கி மேல் பஞ்சமம் வரை போய் வரும். இரண்டையும் ஒரே கட்டையில் பாடினால் ஒன்று சுகமாக வரும், மற்றொன்று கழுத்தை நெரிக்கும். ஆகவே ஸட்ஜத்தைப் பார்க்காதீர்கள், சரணத்தின் உச்சத்தைப் பாருங்கள். கிட்டாரின் முதல் தந்தியை எதுவும் அழுத்தாமல் மீட்டினால் வருவது ஈ (E) என்னும் ஸ்வரம். பெரும்பாலான ஆண் குரல்களுக்கு அந்த ஈ-யைத் தாண்டி இரண்டு, மூன்று ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டம்) வரைதான் சுகமாகப் போகும். சரணத்தின் உச்ச ஸ்வரம் அந்த எல்லைக்குள் விழும்படி பாடலின் சுருதியை இறக்கிவிட்டு, அதற்கேற்ற கார்டு வடிவத்தைக் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒன்றரைக் கட்டையே வேண்டுமென்றாலும் கேப்போ முதல் ஃப்ரெட்டில் சி வடிவம், நான்காம் ஃப்ரெட்டில் ஏ வடிவம் என இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் ஒரே சுருதிதான், ஆனால் ஒலி வேறு. நான்காம் ஃப்ரெட்டில் கிட்டார் மணிபோல மெல்லியதாக ஒலிக்கும். முதல் ஃப்ரெட்டில் அடிவயிற்றிலிருந்து பேசும். உங்கள் குரல் கனமானதாக இருந்தால் முதல் ஃப்ரெட்டிலும், மெல்லியதாக இருந்தால் நான்காம் ஃப்ரெட்டிலும் வைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் எந்தச் சுருதியில் வருகிறதோ, மேடையில் அதிலிருந்து அரைக் கட்டை குறைத்துக்கொள்வது நல்லது. பத்தாவது பாடலுக்கு வரும்போது நான் ஏன் சொன்னேன் என்று தெரியும்.

கடைசியாக, "இளைய நிலா"வை முதல் பாடலாக வைத்துவிடாதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு இது. நானும் ஒரு திருமண வரவேற்பில் செய்தேன். கை சூடாகியிருக்காது, விரல்நுனியில் வியர்வை, மெல்லிய தந்தியில் நகம் வழுக்கியது. நான்காவது சுற்றில் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் ஒரு பக்கமும் போய்விட்டன. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமல் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடிய எளிய பாடல் எதுவோ அதை முதலில் வையுங்கள். விரல் வேலை உள்ள பாடல்கள் நான்காவது, ஐந்தாவது இடத்திற்கு மேல் வரட்டும்.


ஐந்தரைக் கட்டை:

பழைய தந்தி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் சென்னையில் தனியாகக் கிட்டாருடன் பாடி வருகிறேன். பாடகியின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

இருவர் பாடும் பாடல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஆணும் பெண்ணும் ஒரே உணர்வை மாறி மாறிப் பாடுவார்கள். வரிகளை யார் பாடினாலும் பொருள் கெடாது. அவற்றைத் தயங்காமல் பாடலாம். மற்றொரு வகை, ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் பாடல்கள். 1995-இல் வந்த "மலரே மௌனமா" இரண்டாவது வகை. எஸ்.பி.பி. ஒன்றைத் தொடங்க, அதை வாங்கி ஜானகி அம்மா வேறொன்றாக்கித் திருப்பித் தருவதில்தான் அந்தப் பாடலின் உயிர் இருக்கிறது. கேள்வியையும் பதிலையும் ஒரே வாய் சொல்லும்போது அது தனக்குத்தானே பேசிக்கொள்வதாகிவிடும். மனம் வலித்தாலும் அதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

பெண் குரலில் வந்த தனிப்பாடல்களை உங்கள் பட்டியலில் காணவில்லை. ஆண்கள் ஏன் இவற்றைத் தொடுவதே இல்லை என்று எனக்குப் புரிவதில்லை. 1992-இல் "ரோஜா"வில் மின்மினி பாடிய "சின்னச் சின்ன ஆசை"யை ஓர் ஆண் மெதுவாகப் பாடிக் கேட்டுப் பாருங்கள். அறுபது பேரும் உடன் பாடுவார்கள். ஆனால் மூலப் பாடலின் சுருதியிலேயே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் குரல் தரைக்குள் புதைந்துவிடும். அங்கிருந்து நான்கைந்து ஃப்ரெட் நகர்த்தி, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேட வேண்டும்.

ஐயாவிடமிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இடையிசையைச் சுருக்கச் சொன்னது சரி. ஆனால் பலர் அதோடு நிற்காமல் நேரம் கருதி இரண்டாம் சரணத்தையும் வெட்டிவிடுகிறார்கள். புத்தகக் கடையில் அதைச் செய்யாதீர்கள். விடுதியில் கேட்பவர் மெட்டைக் கேட்கிறார். புத்தகக் கடைக்கு வருபவர் சொல்லைக் கேட்பார். ஒரே கிட்டார் மட்டும் ஒலிக்கும்போது சொற்கள் அவ்வளவு தெளிவாகக் காதில் விழும் என்பதே இந்த வடிவத்தின் பெரும்பேறு. ஆசிரியர்கள் வருகிறார்கள் என்றால், கண்ணதாசன் எழுதிய "காலங்களில் அவள் வசந்தம்", "மயக்கமா கலக்கமா" இரண்டில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது 1961, பின்னது 1962. இரண்டும் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியவை. அவர் கத்தவே மாட்டார். பேசும் உயரத்திலேயே பாடிவிட்டுப் போவார். சரணத்தில் தொண்டை இழுக்கிறது என்று சொல்லும் உங்களுக்கு அவரைவிடப் பொருத்தமான பாடகர் கிடையாது. "காலங்களில்" பாடலைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால், ஐயா சொன்ன எளிய முதல் பாடலும் கிடைத்துவிடுகிறது.

சொல்லை மறந்துவிடுவோமோ என்ற அச்சம் இருந்தால் தாளில் எழுதி ஸ்டாண்டில் வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைப்பேசியை மட்டும் வைக்காதீர்கள். நடுச்சரணத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்து, திரையில் வரிகள் மறைந்துபோய், நான் முணுமுணுத்துக்கொண்டு நின்ற நாள் ஒன்று உண்டு.


மலைக்கோட்டை:

இருவருக்கும் மிக்க நன்றி. சமையலறைச் சோதனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். அம்மா எழுந்து வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். இருபத்தாறில் ஒன்பது பாடல்கள் அந்த இடத்திலேயே கழிந்துவிட்டன. "வளையோசை"யும் கழிந்தது, அந்தத் தபலா இல்லாமல் அது என் கையில் நடக்கவே மறுக்கிறது. "ராஜ ராஜ சோழன் நான்" மட்டும் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. மெட்டு தனியாக நிற்கிறது, ஆனால் பேஸ் கிட்டார் இல்லாதது பெருங்குறையாகத் தெரிகிறது. அதேபோல "கண்கள் இரண்டால்" பாடும்போது கார்டுகள் குரலோடு சண்டையிடுவதுபோல் இருக்கிறது. இரண்டையும் விட மனமில்லை.


பழைய தந்தி:

"ராஜ ராஜ சோழன்" பாடலை விடாதீர்கள். பேஸை உங்கள் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடுங்கள். அது கீரவாணி ராகத்தை ஒட்டிய மெட்டு. நம் கிட்டார் கணக்கில் ஹார்மோனிக் மைனர். ஏ மைனர் வடிவத்தில் வைத்துக்கொண்டால் ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர் மூன்றுக்கும் அடித் தந்திகள் திறந்தே கிடைக்கின்றன. ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஆறாம் தந்தி. கட்டைவிரல் அவற்றில் நடக்கட்டும், மற்ற விரல்கள் இரண்டாவது, நான்காவது அடியில் மட்டும் மேல் தந்திகளைக் கிள்ளட்டும். மூலத்தில் உள்ள பேஸ் ஓட்டம் முழுவதும் வராது, வரவும் வேண்டாம். நடக்கிற உணர்வு வந்தால் போதும். உள்ளங்கையால் கிட்டாரின் வயிற்றில் தட்டித் தாளம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒலிபெருக்கியில் இணைத்த கிட்டாரில் அது கதவைத் தட்டுவது மாதிரி கேட்கும். அங்கே போய்ப் பார்த்து, பழகியபிறகு செய்யுங்கள்.

"கண்கள் இரண்டால்" பற்றி எனக்கு அவ்வளவு ஞானம் போதாது. அறிந்தவர்கள் சொல்லட்டும்.


ரீதிகௌளை:

என் பெயரைச் சொல்லி அழைத்தது போலிருக்கிறது. கர்நாடக இசை பயின்றுவிட்டுப் பிறகு கிட்டாருக்கு வந்தவன் நான்.

2008-இல் "சுப்ரமணியபுரம்" படத்தில் வந்த "கண்கள் இரண்டால்" ரீதிகௌளை ராகத்தைத் தழுவியது. 1977-இல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய "சின்னக் கண்ணன் அழைக்கிறான்" அதே ராகம். இந்த ராகத்தின் ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்குவதில்லை, வளைந்து வளைந்து போகும். காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசையும். உங்கள் குரல் அந்தக் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது, கிட்டார் ஒரு மைனர் கார்டைப் பிடித்து அதே காந்தாரத்தை ஆணியடித்ததுபோல ஒலித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? காந்தாரத்தைக் குரலுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, கிட்டாரில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும்படி செய்யுங்கள்.

அதற்கு எளிய வழி, ஆறாம் தந்தியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. அப்போது ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று தந்திகளும் எதையும் அழுத்தாமலே டி, ஏ, டி என்று ஒலிக்கும். இரண்டு கட்டைச் சுருதியில் அதுவே ஸ, ப, ஸ. தம்பூரா போல அதை மெல்ல மீட்டிக்கொண்டு பல்லவியைப் பாடுங்கள். கார்டுகள் வேண்டுமானால் சொற்றொடர் முடிந்து குரல் ஓய்கிற இடங்களில் மட்டும் ஒன்றிரண்டைத் தூவுங்கள். இரண்டு கட்டை உங்களுக்கு எட்டாவிட்டால் எல்லாத் தந்திகளையும் அரைக் கட்டை தளர்த்திக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சங்கடத்தை நிகழ்ச்சி முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும்.

இதே எச்சரிக்கை கல்யாணி ராகத்தை ஒட்டிய பாடல்களுக்கும் பொருந்தும். "ஜனனி ஜனனி" பாடலை எடுப்பதாக இருந்தால், சி மேஜரில் பழக்க தோஷத்தில் கை எஃப் மேஜருக்குப் போகும். ஆனால் கல்யாணியில் இருப்பது பிரதி மத்யமம், அதாவது எஃப்-ஐவிட அரைக் கட்டை உயர்ந்த ம; எஃப் அங்கே கிடையாது. அந்த இடத்தில் டி மேஜரைப் பிடித்தால் மத்யமம் சரியாக உட்காரும். மேடையில் இந்த ஒரு கார்டில் வழுக்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு யோசனை, ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். "ராக்கம்மா" பாடலை நண்பர்கள் கேட்கிறார்கள் என்றீர்கள். அதன் நடுவில் எல்லா ஆரவாரமும் அடங்கி "குனித்த புருவமும்" என்ற அப்பர் தேவாரம் வருகிறது அல்லவா, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தில்லைக் கூத்தனைப் பாடிய நான்காம் திருமுறைப் பாட்டு அது. ஆறாம் தந்தி டி-யில் இருக்கும்போதே, அந்த ஸ-ப-ஸ ஒலியின் மேல், தாளமின்றிப் பாடிவிட்டு நிறுத்துங்கள். பாடலைக் கேட்டவர்களுக்கும் மறுத்ததாகாது, ஆசிரியர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.


ஐந்தரைக் கட்டை:

அருமையான யோசனை. நானே திருடிக்கொள்ளப் போகிறேன்.


மலைக்கோட்டை:

ஒரு வாரம் உட்கார்ந்து பதினான்கு பாடல்களாகச் சுருக்கிவிட்டேன். "காலங்களில் அவள் வசந்தம்" பாடித் தொடங்குகிறேன். கேப்போ இல்லாமல், மிக எளிய தாளத்தில். அதன்பின் "சின்னச் சின்ன ஆசை". பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாகப் பாட வைத்துவிடலாம். மூன்றாவது "என் இனிய பொன் நிலாவே", நான்காவது "நெஞ்சுக்குள் பெய்திடும்", ஐந்தாவதாகத்தான் "இளைய நிலா". இந்த மூன்றும் கிட்டாருக்கென்றே பிறந்தவை என்பதால் அடுத்தடுத்து வைத்தேன். நடுப்பகுதியில் ஆறாம் தந்தியை இறக்கிக்கொண்டு "சின்னக் கண்ணன் அழைக்கிறான்", "கண்கள் இரண்டால்" ஆகிய இரண்டையும் பாடிவிட்டு, தேவாரப் பகுதியோடு அந்தச் சுருதியை முடிக்கிறேன். "சின்னக் கண்ணன்" பாடலில் பாலமுரளி போகிற தூரமெல்லாம் நான் போகப் போவதில்லை.

பிறகு தந்தியை மறுபடி ஏற்றிவிட்டு "ராஜ ராஜ சோழன் நான்", "மன்றம் வந்த தென்றலுக்கு", "நிலாவே வா", "மயக்கமா கலக்கமா", "ஒரு நாளில்", இறுதியாகக் "கண்ணே கலைமானே". கைப்பேசியில் நேரம் வைத்துப் பாடிப் பார்த்தேன். பாடல்கள் மட்டும் நாற்பத்தெட்டு நிமிடம் வருகின்றன. பேச்சுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சுகிறது. "மலரே மௌனமா"வைக் கண்ணீரோடு கழித்துவிட்டேன். எங்காவது பிழை தெரிந்தால் சொல்லுங்கள்.


பழைய தந்தி:

முன்பாதி நன்றாக அமைந்திருக்கிறது. பின்பாதியைப் படித்தவுடன் எனக்குக் கொட்டாவி வந்தது, மன்னிக்கவும். ஒவ்வொன்றும் தங்கமான பாட்டுதான். ஆனால் "ராஜ ராஜ சோழ"னுக்குப் பிறகு வரும் ஐந்தும் மனம் கனத்த பாடல்கள், நடையும் ஏறக்குறைய ஒன்றே. குழுவில் வாசிக்கும்போது கருவிகள் மாறுவதால் அது தெரியாது. ஒரே கிட்டாரில் அடுத்தடுத்து வந்தால் ஒரு நீண்ட பாடலாகத்தான் காதில் விழும். "மன்றம் வந்த தென்றலுக்கு", "நிலாவே வா" என "மௌன ராகம்" படத்திலிருந்தே இரண்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டும் 1986-இல் வாலி எழுதி, எஸ்.பி.பி. பாடியவை; எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சரணத்தில் தொண்டை எதற்கு இழுக்கிறதோ அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் துள்ளல் நடையில் ஒன்றை நுழையுங்கள். "அபூர்வ சகோதரர்கள்" படத்தின் "உன்னை நினைச்சேன் பாட்டு படிச்சேன்" சோகப் பாட்டானாலும் கொஞ்சம் வேகமாகத் தட்டினால் கைதட்டிக்கொண்டு பாடுவார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும், நம்பாதீர்கள், நான் செய்து பார்த்துக் கெடுத்தேன். அதைவிட, நீங்கள் கழித்த ஒன்பதில் வேகமான பாட்டு எதுவோ அதில் ஒரு பல்லவியையும் ஒரு சரணத்தையும் மட்டும், இரண்டரை நிமிடத்திற்கு மிகாமல், சிரித்துக்கொண்டே பாடிவிடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அது பந்தியில் வைக்கும் ஊறுகாய்.

"ஒரு நாளில்" பாடலைக் கடைசிக்கு முன்னால் வைத்தது சரியான இடம். "கண்ணே கலைமானே"யை அதைத் தொட்டுக்கொண்டே பாடாமல், இரண்டு வார்த்தை பேசி இடைவெளி விடுங்கள். கண்ணதாசன் திரைக்கு எழுதிய கடைசிப் பாட்டு என்று அதைச் சொல்வார்கள். அவர் 1981 அக்டோபரில் மறைந்தார், படம் அடுத்த ஆண்டுதான் வந்தது. புத்தகக் கடையில் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆறாம் தந்தியை டி-யிலிருந்து ஈ-க்கு மறுபடி ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றிய தந்தி உடனே நிலைக்காது. ஒரு நிமிடத்தில் மீண்டும் கொஞ்சம் இறங்கும். "ராஜ ராஜ சோழ"னில் ஈ மேஜருக்கு அந்தத் தந்தியில்தான் கட்டைவிரல் நிற்கப் போகிறது, சுருதி விலகினால் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஆகவே ஈ-க்குச் சற்று மேலே ஏற்றி, இரண்டு முறை இழுத்துவிட்டு, பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் அரை நிமிடத்தில், அப்பர் பாட்டு எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கலாம்.